கம்பத்தின் சிவப்பு

வாடகை ஒப்பந்தத்தில் ‘ஆற்றங்கரை’ என்றிருந்தது.
வந்து பார்த்தால் கல்.
கண் போகும் தூரமெல்லாம்
வெயிலில் வெளுத்த உருண்டைக் கல்.
வீட்டுக்காரர் அதைக் கைகாட்டி
“வாதி” என்றார்
உறவுக்காரரை அறிமுகம் செய்பவர்போல.

சாலை அதில் இறங்கி ஏறும் இடத்தில்
ஒரு கம்பம். கீழே வெள்ளை, மேலே சிவப்பு.
நீர் சிவப்பைத் தொட்டால் கடக்கக்கூடாது.
மூன்று மாதமாய் அதன் நிழலில்
ஒரு பூனை மட்டும் படுத்துக் கிடந்தது.

குரியாத்தில் அதுவரை
எனக்குப் பழக்கமானவை எலும்புகள்.
மீனவரின் மணிக்கட்டு,
பேரீச்சையிலிருந்து விழுந்தவரின் இடுப்பு.
மூச்சைப் பிடிங்க. அசையாதீங்க. விடுங்க.
எக்ஸ்ரே அறைக்காகப் படித்த அரபி அவ்வளவுதான்.
இரவில் எனக்கே சொல்லிப் பார்ப்பேன்.
கடைசிச் சொல் வேலை செய்யவில்லை.

கதவைத் தட்டியவள் ஷமீலா.
கல்முனைக்காரி, பிசியோதெரபி.
“வெள்ளிக்கிழமையும் படுத்துக் கிடந்தா
உங்கட முதுகுக்கும் நான்தான் வரோணும்.
செருப்பு வாணாம், சப்பாத்துப் போடுங்க.”
கீழே வண்டியில்
ஐஸ் தொழிற்சாலை பென்சிகர், ஊர் குளச்சல்.
பின்சீட்டில் ஆம்புலன்ஸ் ஓட்டும் சுவைதான்,
பெல்ட் மாட்டிய தர்பூசணிக்குப் பக்கத்தில்.

மலை இரண்டாய்ப் பிளந்த இடத்தில்
தண்ணீர் இருந்தது.
பச்சையாய், யாருக்கும் சொல்லாமல்.
ஆடு தொடாத அரளி கரைமுழுக்கப் பூத்திருந்தது.
விரல்நீள மீன்கள் குதிகால் வெடிப்பைக் கொறிக்க
நான் கத்தினேன்
பாறை இன்னும் கொஞ்சம் சத்தமாய்க் கத்தியது.

அப்புறம் அந்த இடுக்கு.
தலை மட்டும் நுழையும்; கால் தரை தேடும்; தரை இல்லை.
எனக்கு நீச்சல் தெரியாது.
சாத்தூரில், வைப்பாற்றில்
நீந்திப் பார்த்ததெல்லாம் மணல் லாரிகளை.
பென்சிகர் காலித் தண்ணீர் கேனைத் தள்ளிவிட்டான்.
“கெட்டிப் பிடிங்கக்கா,
மாப்பிள்ளைன்னு நெனச்சுக்கிடுங்க.”
“அப்ப மூழ்கிருவேன்டா” என்றேன்.
நான்கு பேரும் சிரித்த சிரிப்பில்
எப்போது அந்தப் பக்கம் போனேன் என்று தெரியாது.
அங்கே ஒரு சின்ன அருவி. அவ்வளவுதான்.
அதற்காகப் பதினொரு வெள்ளிக்கிழமைகள் போனோம்.

கழிமுகத்து அலையாத்திக் காட்டில்
துடுப்பைத் தொலைத்து, தட்டால் வலித்து வந்தோம்.
மணலில் புதைந்த சக்கரத்துக்குக்
காற்றை இறக்கினால் வண்டி ஏறும் என்று கற்றேன்.
கோதுமை ரொட்டிக்கும் சுறாக் கருவாட்டுக்கும்
எலுமிச்சை தவிர வேறெதுவும் வேண்டாம் என்று
சுவைதானிடம் சண்டைபோட்டுத் தோற்றேன்.

மாசியில் ஒரு மாலை, திரும்பும் வழி.
எங்கள் மேல் ஒரு துளி விழவில்லை.
தூரத்து மலைமேல் மட்டும் கறுப்பு.
சுவைதான் ரேடியோவை அணைத்துவிட்டு
“கல் பேசுது” என்றான்.

வந்தது.
காப்பி நிறத்தில், முதலில் சுள்ளிகளைத் தள்ளிக்கொண்டு,
பிறகு ஒரு கதவு, பிறகு
நின்ற வாக்கிலேயே ஒரு பேரீச்சை.
வெள்ளை மறைந்தது. சிவப்பும் பாதி.
எதிர்க்கரையில் என் வீடு
காலையில் அணைக்க மறந்த விளக்கோடு.

பின்னால் புது நம்பர் வண்டி ஒன்று
விளக்கடித்துக்கொண்டே இறங்கப் பார்த்தது.
மூழ்கிய வண்டியின் கண்ணாடியை உடைத்த கதையைச்
சுவைதான் ஒருமுறைதான் சொல்லியிருக்கிறான்.
ஓடிப்போய் முன்னால் கை விரித்து நின்றேன்.
வாயில் வந்தது எக்ஸ்ரே அறை அரபி:
அசையாதீங்க.

கண்ணாடி இறங்கியது. இளம் தம்பதி,
பின்னால் கட்டில் பலகைகள், ஒரு மிக்ஸி.
“எங்க வீடு அக்கரைல, இன்னிக்குத்தான் வர்றோம்,
எப்ப வடியும்?”

ஷமீலா தர்பூசணியை உடைத்துக்கொண்டிருந்தாள்.
அவர்களுக்கும் இரண்டு துண்டு நீட்டிச் சொன்னேன்:
“அந்தக் கம்பத்தடியில ஒரு பூனை வந்து படுக்கும்.
அது வந்ததும் போகலாம்.”